மெழுகு காயும் வரை

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் பஸ். இன்றும் நின்றுகொண்டே. விலாவில் ஒருவருடைய சாப்பாட்டுப் பை, கால் விரலில் இன்னொருவருடைய குடைநுனி. வாசலில் என் பெயரில் ஒரு கார் நிற்கிறது. ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும், அவ்வளவு பளபளப்பு. அதை நினைத்துக்கொண்டே மருத்துவமனை வரை கம்பியைப் பிடித்துத் தொங்கினேன்.

காலையில் கேட்டுத்தான் பார்த்தேன். "என்னங்க, இன்னைக்கு நான் வண்டிய எடுத்துட்டுப் போகட்டுமா?"

வாளியிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் வந்தது. "நேத்துதான் மெழுகு போட்டிருக்கேன். காய வேண்டாமா?"

போன வாரம் மழை. மழையில் எடுத்தால் சேறு படும். அதற்கு முந்தின வாரம் வெயில். வெயிலில் எடுத்தால் பெயின்ட் வெளிறும். மழையும் வெயிலும் இல்லாத நாளில் மெழுகு காய வேண்டும். ஆக, இந்த வண்டி ஓடுவதற்கு ஏற்ற பருவம் பூமியில் இன்னும் உண்டாகவில்லை.

மார்ச் 5, வியாழன்

அக்கா போனில் கூப்பிட்டாள். குடும்பத்தோடு வெளிநாட்டுக்குப் போகும்போது அவள் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன வண்டி இது. "உனக்குத்தான்டி. நீ ஓட்டணும்னுதான் தரேன்" என்று என் பெயருக்கே மாற்றிக் கொடுத்தாள். லைசென்ஸ் இருக்கிறது எனக்கு. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து இதே வண்டியில்தான் ஓட்டிப் பழகினேன்.

"வண்டி எப்படிடி ஓடுது?"

"நல்லா நிக்குதுக்கா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு, "மாப்பிள்ளைக்கு வேலை ஏதாவது அமைஞ்சுதா?" என்றாள். எனக்கு அந்தக் கேள்வியும் பிடிக்கவில்லை. இவரை நான் திட்டலாம். அடுத்தவர் இரக்கப்பட்டால் எரிகிறது. இது என்ன கணக்கோ.

இவர் குளியலறைச் சாமான் கம்பெனி ஒன்றில் கிடங்கு மேலாளராக இருந்தார். கம்பெனியை மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் வந்ததுதான் கார். முதலில் சும்மா துடைத்தார். பிறகு கழுவினார். பிறகு போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். அன்றோடு வண்டி நோயாளி ஆனது, இவர் டாக்டர் ஆனார்.

மார்ச் 8, ஞாயிறு

டாக்டரின் அறுவை சிகிச்சை நாள்.

உச்சி வெயிலில் ஆரம்பம். காலையில் வேண்டாமாம், "வெயில்லதான் சீக்கிரம் காயும்." பாத்திரம் தேய்க்கும் என் சோப்புக் கரைசல் பாதிப் புட்டி காலி. இரண்டு துண்டு, ஒரு பழைய பனியன், மகளுடைய பல் துலக்கி — சக்கரத்தின் இடுக்குக்கு. தண்ணீர் வாசலைத் தாண்டித் தெருவுக்கு ஓடியது. எதிர்வீட்டுக்காரர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டிப் போனார்.

மகள் சன்னலிலிருந்து கேட்டாள். "அம்மா, அண்ணன் குளிச்சாச்சா?"

காருக்கு அவள் வைத்த பெயர் அண்ணன். வீட்டுக்கு ஒரே பிள்ளையாக இருந்து சலித்துப் போனவளாம். பள்ளி முடித்துவிட்டாள், கட்டடக்கலை படிக்க வேண்டும் என்று நாள் முழுக்க வரைந்து தள்ளுகிறாள். அவள் எதை வரைகிறாள் என்று இவர் இதுவரை எட்டிப் பார்த்ததில்லை. அண்ணனுக்கு மட்டும் தலை துவட்டல் வரைக்கும் நடக்கிறது.

"அண்ணன் குளிச்சு, துவட்டி, எண்ணெயும் தேச்சாச்சு. சாப்பாடுதான் ஊட்டணும்" என்றேன். இவர் காதில் விழுந்தது. விழாத மாதிரி துடைத்தார்.

மார்ச் 9, திங்கள்

வண்டி முழுக்க வெள்ளைப் பொட்டு. சோப்புத் தண்ணீர் வெயிலில் அப்படியே காய்ந்த தடம். கேட்டால், "நம்ம வீட்டுத் தண்ணி சரியில்ல." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆண்பால்.

மார்ச் 15, ஞாயிறு

பானெட்டில் ஒரு பறவை தன் கருத்தைச் சொல்லிவிட்டுப் போயிற்று. இவர் அதைக் காய்ந்தபடியே நகத்தால் சுரண்டினார். கீறல் விழுந்தது. கீறலுக்கு வைத்தியம் வீடியோவில் இருந்தது. பற்பசை.

"ஏங்க, பல்லே இல்லாததுக்குப் பல் வெளக்கணுமா?"

"உனக்குத் தெரியாது. இதுல நைசான மணல் மாதிரி ஒண்ணு இருக்கு. கீறலை அப்படியே தேச்சு எடுத்துரும்."

தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கக் கீறல் போயிற்று. பளபளப்பும் போயிற்று. இப்போது பானெட் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வெள்ளை மேகம். குரங்கு பிடிக்கப் பிள்ளையாராய் முடிந்தாலாவது கும்பிடலாம். இவர் பிள்ளையாரே கையில் இருந்தும் குரங்காக்கிவிட்டார்.

மார்ச் 20, வெள்ளி

மருத்துவமனையில் இடி.

எங்கள் எக்ஸ்ரே பிரிவைப் புறவழிச் சாலையில் கட்டியிருக்கும் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்களாம். அடுத்த மாதம் முதல். காலை முறைக்கு ஆறரைக்கே அங்கே இருக்க வேண்டும். அந்தப் பக்கம் முதல் பஸ்ஸே ஏழுக்கு மேல்தான். காலை முறை முடியாதவர்களை மதியம் தொடங்கி இரவு முடியும் முறைக்குப் போடுவார்களாம். அப்படிப் போட்டால் மகளை நான் ஞாயிற்றுக்கிழமைதான் பார்ப்பேன்.

தலைமை டாக்டரம்மா கேட்டார். "உங்களுக்குத்தான் கார் இருக்கே?"

"இருக்கு மேடம்."

பொய் சொல்லவில்லை. இருக்கிறது.

சாப்பாட்டின்போது இவரிடம் சொன்னேன். உடனே, "நீ ஏன் கஷ்டப்படணும், நான் கொண்டுவந்து விடறேன்" என்றார். இந்த 'நீ ஏன் கஷ்டப்படணும்' இருக்கிறதே, எனக்கு வாய்த்த கஷ்டங்களிலேயே பெரிய கஷ்டம் அதுதான்.

ஏப்ரல் 1, புதன்

முதல் நாள். ஐந்தரைக்கே தயாராகிப் படியில் நிற்கிறேன். இவர் பனி துடைக்கிறார். கூரையில் தொடங்கி, கண்ணாடி, கதவு, கதவின் கைப்பிடி, கைப்பிடியின் உட்பக்கம். "ஈரத்தோட எடுத்தா தூசி ஒட்டிக்கும்." நான் போய்ச் சேர்ந்தபோது என் முதல் நோயாளி கைக்கட்டோடு வாசலில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று கண்ணாடியில் பூச்சி மோதியது. வழியிலேயே நிறுத்தித் துடைத்தார். தாமதம். "அம்மா, நாளைக்கு நீங்க வேற வழி பாருங்க. விடிகாலைல பூச்சி ஜாஸ்தி" என்கிறார். அம்மாவாம்! காரியம் ஆக வேண்டும் என்றால் நான் அம்மா.

ஏப்ரல் 4, சனி

இவர் கடைக்குப் போன நேரம் சாவியை எடுத்தேன். என் வண்டியின் சாவியை, என் வீட்டில், திருடி மாதிரி. உட்கார்ந்தேன். இருக்கையை முன்னால் இழுத்தேன், கண்ணாடியைச் சரி செய்தேன். அக்கா சொல்லித்தந்த எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. சாவியைத் திருப்பினேன்.

டக். டக் டக். அவ்வளவுதான்.

பேட்டரி செத்துவிட்டது. நாள்கணக்காக நிறுத்தி நிறுத்தி வைத்தால்? மருத்துவமனை போன இரண்டு நடையில் மிச்ச உயிரும் போயிருக்கிறது. நான் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்போது இவர் பையோடு வந்துவிட்டார். என்னைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். கோபப்படவில்லை. சிரித்தார். அதுதான் தாங்கவில்லை.

"பாத்தியா? நான் இல்லாம அது கிளம்பாது."

"நீங்க இருந்தும் கிளம்பலையே. ஒடம்பெல்லாம் பளபளன்னு இருக்கு, உசிருதான் இல்ல. இதுக்குப் பேரு வண்டி இல்ல, பொணம்."

சொன்ன பிறகு கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டதாகப் பட்டது. அவர் முகம் சுருங்கிவிட்டது. வண்டியைச் சொன்னேன் என்று அவர் எடுத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

புதுப் பேட்டரி போட்டாயிற்று. சாவி மறுபடி இவர் சட்டைப்பையில், நான் விடிகாலையில் தெருமுனையில் ஆட்டோவுக்கு. மாட்டியது டாக்டர்தான், அதைச் சரியாகவே மாட்டினார், சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கழற்றும்போது கறுப்புக் கம்பி முதலில், மாட்டும்போது கறுப்பு கடைசியில்.

வண்டியின் கையேடு முன்பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் கிடந்தது. எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். மருத்துவமனையில் நோயாளி இல்லாத நேரத்தில் படிக்கிறேன். நல்ல எழுத்து. ஒரு பக்கத்தில்கூட 'நீ ஏன் கஷ்டப்படணும்' என்று இல்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

டாக்டர் இப்போது கண் வைத்தியத்தில் இறங்கிவிட்டார். அண்ணனுக்கு முன்பக்கம் இரண்டு கூடுதல் விளக்கு. ஓட்டாத வண்டிக்கு வழி தெரிய வேண்டாமா?

தானே ஒயர் இழுத்து, சின்ன விளக்குகளுக்குப் போகும் ஒயரோடு முறுக்கி ஒட்டினார். போட்டார். ஜெகஜ்ஜோதி. மகள் கைதட்டினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எல்லாம் அணைந்துவிட்டது. பின்விளக்கும் சேர்ந்து. ஃபியூஸ் போய்விட்டது.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு மூடி. அதைத் திறந்தால் கலர் கலராக மிட்டாய் மாதிரி ஃபியூஸ்கள். போனது சிவப்பு. வேறு சிவப்பு போட்டார். அதுவும் போயிற்று.

ஏப்ரல் 13, திங்கள்

மூன்றாவது சிவப்பும் போயிற்று. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவைப் பார்க்கிற மாதிரி அந்தச் சின்னக் கம்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நடுவில் சுத்தமாக அறுந்திருக்கிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு

விளக்கு இப்போது அணைவதில்லை. காரணம் கண்டுபிடித்தேன். சிவப்பு இருந்த இடத்தில் பச்சை.

"சிவப்புன்னா பத்து ஆம்பியர். பச்சை முப்பது. கையேட்டுல படமே போட்டிருக்கான். அந்த எடத்துல அதைப் போடக்கூடாது."

"சின்னது தாங்கல, பெரிசு தாங்குது. இதுல என்ன தப்பு?"

"ஃபியூஸ் தாங்கும். ஒயர் தாங்குமா? ஒயர் பொசுங்குறதுக்கு முன்னாடி அறுந்து விழட்டும்னுதானேங்க அதை வச்சதே?"

"நீ எலும்பு போட்டோ எடுக்கறவ. எலும்பைப் பாரு."

சரி. எலும்பைப் பார்க்கிறேன். இந்த வீட்டில் ஒருத்தருக்கு முதுகெலும்புக்குப் பதில் நாக்கெலும்பு வளர்ந்திருக்கிறது.

நானே அந்தப் பச்சையைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். சண்டை எதற்கு என்று எழுந்து வந்துவிட்டேன். சனிக்கிழமை மகளுக்குக் கட்டடக்கலைக் கல்லூரியில் நேர்காணல் — வீட்டில் சத்தம் வேண்டாம் என்று.

ஏப்ரல் 25, சனி

என்ன எழுதுவது.

காலையிலிருந்தே மழை, இருட்டு. மகள் தன் படங்களைச் சுருட்டிக் குழாய்க்குள் வைத்துக்கொண்டாள். அதிசயமாக இவர், "மழையானா என்ன, நம்ம வண்டியிலயே போவோம்" என்றார். பிள்ளைக்காக என்று நினைத்தேன். ஏறின உடனே புது விளக்கு இரண்டையும் போட்டார். "பாரு, எப்படி வெளிச்சம்" என்றார். நான் முன்னால், மகள் பின்னால்.

பாதி வழியில் மகள்தான் சொன்னாள். "அம்மா, ஏதோ கருகற வாசனை."

"டயரா இருக்கும், முன்னாடி போற லாரியோடது" என்றார் இவர்.

லாரி எதுவும் முன்னால் போகவில்லை.

ஸ்டியரிங்குக்குக் கீழேயிருந்து மெல்லிசாகப் புகை. அடுத்த நொடி கறுப்பாக, தொண்டையைப் பிடிக்கிற புகை. "நிறுத்துங்க! ஓரமா நிறுத்துங்க!" நிறுத்தினார். சாவியைத் திருப்பி அணைத்தார். புகை நிற்கவில்லை. சின்ன விளக்குக்குப் போகிற மின்சாரம் சாவியைக் கேட்காதே — படித்திருந்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். நான் பானெட் திறக்கும் பிடியை இழுத்துவிட்டு, "இறங்கு, இறங்குடி!" என்று கத்திக்கொண்டே வெளியே குதித்தேன். மகள் குழாயைக் கட்டிக்கொண்டு பின்கதவைத் திறந்து இறங்கி, பயத்தில் கதவை ஓங்கிச் சாத்தினாள்.

"கதவை மெல்லச் சாத்து!"

இவர்தான். உள்ளே புகை, அவர் கண்ணெல்லாம் தண்ணீர், அதற்குள்ளிருந்து — கதவை மெல்லச் சாத்து.

நான் பின்பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடி, பேட்டரியின் கறுப்பு முனையைத் தளர்த்தினேன். ஈரத்தில் வழுக்கியது. விரல் தோல் உரிந்தது. கழன்றது. புகை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அதற்குள் இவரும் இறங்கிவிட்டார். மூன்று பேரும் மழையில் நின்றோம்.

மகள் கத்தவில்லை. அழவும் இல்லை. கேட்டாள். "அப்பா, நான் வெளிய வந்துட்டேனான்னு பாத்தீங்களா?"

அவர் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டார்.

"பாத்தீங்களாப்பா?"

அதற்குள் ஒரு பஸ் வந்தது. கையை நீட்டினேன். நின்றது. நானும் அவளும் ஏறிக்கொண்டோம். திரும்பிப் பார்த்தபோது இவர் அந்தப் பளபளப்பான வண்டியின் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றார். பாவமாக இருந்ததா? இல்லை. அந்த நேரத்தில் இல்லை. குழந்தை உள்ளே இருந்தாளேய்யா. நான் சொன்னேனே. படத்தைக் காட்டிச் சொன்னேனே!

நேர்காணலில் என்ன கேட்டார்கள் என்று அவளிடம் கேட்டேன். "நான் வரைஞ்ச வீட்ல நெருப்புப் பிடிச்சா எந்த வழியா வெளிய வருவாங்கன்னு கேட்டாங்கம்மா. நல்லா சொல்லிட்டேன்" என்றாள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

வீட்டில் மூன்று பேர். ஆளுக்கொரு அறை. வாளி கவிழ்ந்து கிடக்கிறது.

ஏப்ரல் 27, திங்கள்

வண்டியைக் கட்டி இழுத்துப் போயிருந்த பட்டறைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். இவரும் வந்தார், இரண்டடி பின்னால். பட்டறைக்குச் சொந்தக்காரி என் வயதுப் பெண்மணி. கொண்டையில் பென்சில், குரலில் ஹாரன். கருகிய ஒயரை வெளியே இழுத்துக் காட்டினார். ஒன்றோடொன்று உருகி ஒட்டிக் கறுப்புக் கரிக்கட்டையாக இருந்தது. பச்சை ஃபியூஸ் மட்டும் பழுதில்லாமல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"இதை மாட்டின மகராசன் யாரு?"

இவர் சுவரில் ஆணி எத்தனை என்று பார்க்க ஆரம்பித்தார்.

"வீட்ல ஒருத்தர்" என்றேன். ஏன் காப்பாற்றினேன்? தெரியவில்லை. பழக்கம்.

பிறகு அந்த அம்மா கதவுப் பக்கம் குனிந்து, கண்ணை ஒட்ட வைத்துப் பார்த்தார். "கதவுல மெழுகு போட்டது யாரு?"

இதற்கும் திட்டுதான் என்று இவர் இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டினார்.

"சுழி விழாம ஒரே சீரா போட்டிருக்காங்க. நல்ல கை. பானெட்டுல மட்டும் என்ன இது, மேகம்?"

"பற்பசை" என்றேன்.

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பட்டறையில் ஸ்பேனர் ஒன்று கீழே விழுந்தது. இவரும் சிரித்துவிட்டார். பிறகு நான் இருப்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

ஏப்ரல் 29, புதன்

சாயங்காலம் மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். இவராகவே வந்து உட்கார்ந்தார்.

"அவ வெளிய வந்தாளான்னு நான் பாக்கல" என்றார்.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்தேன்.

"கதவுச் சத்தம் கேட்டதும் வாயில தானா வந்துருச்சு. புகை எனக்கும்தான் கண்ணுல அடிச்சுது. ஆனா மொதல்ல கதவு."

"ஆமா. மொதல்ல கதவு."

"எனக்குன்னு வீட்ல வேற என்ன இருக்கு, சொல்லு? அங்க கிடங்குல என் கீழ அத்தனை பேர் இருந்தாங்க. இங்க அது ஒண்ணுதான் நான் சொன்னா கேட்டுச்சு."

இந்த இடத்தில் நான் இளகியிருக்க வேண்டும். இளகினேன், கொஞ்சம். ஆனால் வாய் இருக்கிறதே.

"அது கேட்டுச்சா? நீங்க சொன்னதக் கேட்டுதாங்க அது எரிஞ்சுது. நாய் பெத்த தெங்கம்பழம் கதைதான் இது. நீங்களும் ஓட்டல, எனக்கும் விடல. விடிகாலைல ஆட்டோ கிடைக்காம தெருமுனைல நிக்கும்போது ஒரு நாளாவது என்னை நெனச்சீங்களா? கஷ்டப்படாதே கஷ்டப்படாதேன்னு சொல்லிச் சொல்லியே என்னை நிக்க வச்சீங்க. அது என் வண்டி. எனக்குன்னு எங்க அக்கா கொடுத்தது."

என் குரல் உடைந்துவிட்டது. அதில் எனக்கே கோபம்.

அவர் எழுந்து போனார். திரும்பி வந்து சாவியை மடித்த துணிகளின் மேல் வைத்தார். இரண்டு சாவியும். இரண்டாவது சாவி ஒன்று இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்!

மே 5, செவ்வாய்

பட்டறையிலிருந்து வண்டி வந்துவிட்டது. புது ஒயர். கூடுதல் விளக்கு இல்லை. சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு.

ஓட்டினேன். நானே. தனியாக. புறவழிச் சாலையில் மூன்றாவது கியர் போட்டபோது யாரும் பார்க்கவில்லை என்று ஒருமுறை சத்தமாகச் சிரித்தேன்.

மருத்துவமனை வாசலில் திருப்பும்போது தூண் உரசிவிட்டது. இடது பின்கதவு. நீளமாக ஒரு கோடு. இறங்கிப் பார்த்து, எச்சில் தொட்டுத் தேய்த்து, அது போகாது என்று தெரிந்த பிறகும் தேய்த்தேன். இன்றைக்கு எடுத்த எக்ஸ்ரே எல்லாவற்றிலும் எனக்கு அந்தக் கோடுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் இவர் நேராக அந்தப் பக்கமே போனார். எப்படித்தான் தெரியுமோ. குனிந்து விரலால் கோட்டைத் தடவினார். நான் பதில்களையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஒன்றைவிட ஒன்று காரமாக.

"ஒண்ணும் ஆகலையே?" என்றார்.

என்னையா, கதவையா என்று ஒரு கணம் புரியவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல. தூண் நல்லாத்தான் இருக்கு" என்றேன். என் காரம் முழுக்க வீணாகிவிட்டது.

மே 6, புதன்

கோட்டைச் சரி செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இருக்கட்டும். வண்டி ஓடியதற்கு அத்தாட்சி.

மே 17, ஞாயிறு

மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது! இவர் இன்று முதல்முறையாக அவள் படங்களை மேசையில் விரித்துப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். கடைசியில் கேட்டார்: "வண்டி நிறுத்த எடம் எங்கம்மா விட்டிருக்க?"

திருந்துவார் என்று நினைத்தேனே. மகள் மட்டும் கோபிக்காமல் சிரித்துவிட்டு, பென்சிலை எடுத்து, "இதோ, மரத்தடியில. பறவை நிறைய வரும்" என்றாள்.

மே 24, ஞாயிறு

டயரில் காற்றுப் பார்க்கப் பட்டறைக்குப் போயிருந்தேன். அந்த அம்மா கேட்டார். "மெழுகு போடற ஆள் வேலைய விட்டுட்டார். உங்க வீட்ல ஒருத்தர் இருக்காரே, அனுப்புங்களேன். ஒயர் பக்கம் மட்டும் வரக் கூடாது. ஃபியூஸ் பெட்டியைத் தொட்டா கையை ஒடைச்சிடுவேன்."

யார் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

வந்து சொன்னேன். இவருக்கு முகம் சிவந்தது. "மேலாளரா இருந்தவன் கண்டவன் காரைத் தொடைக்கணுமா?"

"இத்தனை நாளா என் காரைத் தொடச்சீங்களே. நான் கண்டவளா?"

வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். நான் வற்புறுத்தவில்லை. கழுவுற மீனில் நழுவுற மீன். விட்டுவிட்டேன்.

மே 29, வெள்ளி

இன்று சமையலறைக்கு வந்து, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி, "வெயில்ல கழுவினா பொட்டு விழுதுன்னு அந்த அம்மாவுக்குத் தெரியுமான்னு தெரியல. உள்ளே நிழல்ல எடம் இருக்கான்னு பாத்துட்டு வரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

வெயிலில் பொட்டு விழும் என்று இவர்தான் அந்த அம்மாவுக்குச் சொல்லித்தரப் போகிறாராம். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். சிரிப்பது தெரியக் கூடாது.

ஜூன் 7, ஞாயிறு

நேற்றோடு ஒரு வாரம் ஆகிறது, பட்டறைக்குப் போகிறார். தோள் வலி என்கிறார். ஒரு வெள்ளை வண்டிக்கு மெழுகு போட்டு முடித்ததும் சொந்தக்காரர் அதை உடனே எடுத்துக்கொண்டு சேற்றுப் பாதையில் போய்விட்டாராம். "நான் அப்படியே பாத்துட்டு நின்னேன்" என்றார். துக்கம் விசாரிக்க வந்தவளைப் போல நான் தலையசைத்தேன்.

சாப்பிட்டு எழுந்தவர் கை கழுவிவிட்டுப் போகாமல் நின்றார். துண்டை இரண்டு முறை மடித்தார்.

"நீ காலைல போற வழிதானே பட்டறை?"

"ஆமா."

"நாளைக்கு என்னை அங்க எறக்கிவிட முடியுமா?"

"அஞ்சே முக்காலுக்குக் கிளம்புவேன். பட்டறை தொறக்க நேரம் இருக்கே?"

"பரவால்ல. உக்காந்திருப்பேன்."

"பனி துடைக்கல்லாம் நேரம் கிடையாது."

"சரி."

ஜூன் 8, திங்கள்

எனக்கு முன்னால் தயாராகிப் படியில் நின்றார். வண்டியைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டிருந்தார், கட்டாவிட்டால் துடைத்துவிடும் போல. கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

வழி முழுக்க, திருப்பத்தில், சிக்னலில், எதிரே சைக்கிள் வந்தபோதெல்லாம் அவருடைய வலது கால் மட்டும் தரையை அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டே வந்தது. அந்தப் பக்கம் பிரேக் இல்லை. நான் சொல்லவில்லை.

என் பிரேக்கில் பட்டறை வாசலில் வண்டி நின்றது. இறங்கினார். கதவைச் சாத்தினார். நன்றாக, சத்தம் வர.